டபராவில் பாதி

சத்தியம் சார். சமயபுரத்தாள் மேல் சத்தியம், எரிகிற இந்த அடுப்பின் மேல் சத்தியம், இன்னும் யார் மேல் வேண்டும் என்று சொல்லுங்கள், அவர்கள் மேலும் செய்து தருகிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் கிடையாது. குஞ்சிதபாதம் சத்தியம் செய்கிறான் என்று கேள்விப்பட்டால் உறையூர் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கூந்தல் தைலம் விற்ற வாய் இது. பாசஞ்சர் ரயிலில் எதிர் சீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும், மணப்பாறை வருவதற்குள், ஒரு லாட்ஜில் தைலப் பாட்டில் கவிழ்ந்து அறைக் கதவுக்கு முடி முளைத்த கதையைச் சொல்லி, மறுநாள் காலையில் லாட்ஜ்காரர் அந்தக் கதவுக்கு வகிடு எடுத்துச் சீவிவிட்டதையும் சொல்லி, திண்டுக்கல்லில் எதிர் சீட்டுக்காரர் கையில் பாட்டிலைத் திணித்துவிட்டு இறங்குவேன். வேலை நின்று வெகு காலம் ஆயிற்று. ரயில் போய்விட்டது, எதிர் சீட்டு மட்டும் என் மண்டைக்குள் வந்து நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது. அதில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்ததில்லை, ஆனால் காது கொடுத்துக் கேட்கிற மனுஷர் என்று தெரியும். உங்களைப் பற்றி என் பிள்ளையைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் ஒரு மருந்துச் சீட்டு எழுதிவிடுவார். பில்டரில் டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பொடியை அதிகமாக அமுக்கிவிட்டேன் போல, வழக்கத்தைவிட மெதுவாக இறங்குகிறது. இறங்காமலே இருந்தால் தேவலை. இறங்கினால் பாலை ஊற்ற வேண்டும், பாலை ஊற்றினால் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருப்பதை எடுத்துப் போட வேண்டும், போட்டால் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கூடத்தில் தாயு உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளை தாயுமானவன். மத்தியானம் சாப்பிட்டு எழுந்து, கை கழுவின ஈரம் சொட்டச் சொட்ட என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, ரொம்ப மெதுவாக, தன் அம்மா காதில் விழுந்துவிடாமல் கேட்டான். அப்பா, என் சாப்பாட்டுல யாரோ என்னமோ கலக்குறாங்க, அது யாருன்னு உனக்குத் தெரியும், சாயங்காலம் காப்பி குடிக்கிறதுக்குள்ள சொல்லு, நீ சொன்னா நான் நம்பிடுறேன். இந்த உலகத்தில் அவன் நம்புகிற ஒரே ஆள் நான். கலக்கிறவனும் நான்தான் சார்.

நான் சொன்னேனா, ஒரு சொல் பொய் இல்லை என்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் உண்மைதான் இடிக்கிறது. வியாழக்கிழமை அந்த ஓட்டையில் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம். ஓட்டை என்றால் பாய்லர் டிரம்மில் ஆள் நுழைகிற ஓட்டை. தாயு துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் சரிபார்க்கிற வேலையில் இருந்தான். ஒவ்வொரு டிரம்மையும் லாரியில் ஏற்றினால் லாரி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பெரிசு. செய்து முடித்ததும் ஒருவன் கையில் விளக்கோடு உள்ளே போய், ஒட்டு ஒட்டாகத் தடவிப் பார்த்து வர வேண்டும். உள்ளே போக வழி ஒன்றுதான், நீள்வட்டமாக, சின்ன முறம் அகலத்துக்கு. அந்தப் பட்டறையில் அதற்குள் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போய் வருகிற ஆள் என் பிள்ளை ஒருவன்தான். மழையில் குடை இல்லாமல் கிளம்பினால் இரண்டு துளிக்கு நடுவில் நடந்து நனையாமல் வந்துவிடுவான் என்று அவனைப் பற்றி நானே டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், அந்த ஒல்லி. உடம்பு சரியில்லாமல் வீட்டோடு கிடந்தவனை, பட்டறை முதலாளி அற்புதராஜ் போன வாரம் போனில் கூப்பிட்டு, ஒரு நாள் வந்து பாருங்க தம்பி, முடிஞ்சா மறுபடி சேர்ந்துக்கலாம் என்றார். என் வீட்டுக்காரி மரகதம் தலை வாரிவிடாத குறையாக அனுப்பி வைத்தாள். நானும் கூடப் போனேன். பட்டறை வாசலில் வேப்ப மரத்தடியில் நின்று பார்த்தேன். இரண்டு கையையும் முதலில் நீட்டினான், தலை போயிற்று, தோளை ஒருக்களித்தான், தோள் போயிற்று, நெஞ்சு போயிற்று, வயிற்றில் நின்றுவிட்டது. பாதி ஆள் இரும்புக்குள்ளே, பாதி ஆள் வெளியே. கால் இரண்டும் ஆகாயத்தில் நீச்சல் அடித்தன. நாலு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். கெட்டவர்கள் இல்லை, ஒருவன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். ஆனால் ஒருவன் சொன்னான், சார், அடுத்த டிரம்மை உங்களுக்கு அளவெடுத்துத்தான் செய்யணும் என்று. எல்லோரும் சிரித்தார்கள், தாயுவும் சிரித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். சுற்றிலும் இரும்பு விளிம்பு கிழித்த சிவப்புக் கோடு. இது என் உடம்பு இல்லப்பா என்றான். நான் உள்ள போயிடக் கூடாதுன்னு யாரோ எனக்கு இதை மாட்டிவிட்டிருக்காங்க என்றான். பக்கத்து சீட்டு அம்மாள் பயந்துபோய் எழுந்து நின்றுகொண்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவன் சொன்னதில் எந்த இடத்தில் பைத்தியம் இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.

டிக்காஷன் பாதி இறங்கியிருக்கிறது. மரகதம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள், கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போடுகிற சத்தம் கேட்கிறது. அந்த மாதிரிச் சத்தம்தான் தாயுவுக்கு முதலில் கேட்டிருக்கிறது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், உள்ள ஒருத்தனை வெச்சு வெல்டிங் பண்ணிட்டாங்கப்பா, தட்டிக்கிட்டே இருக்கான் என்றான். கதை சொல்கிறான் என்றுதான் நினைத்தேன், என் பிள்ளை அல்லவா. கதை என்றால் நாலு நாளில் பழசாகும், இது பழசாகவில்லை. எந்த டிரம்மைப் பார்த்தாலும் காதை வைத்தான், பிறகு வீட்டில் கேஸ் சிலிண்டரில் வைத்தான், குக்கரில் வைத்தான், எல்லா இரும்புக்குள்ளும் அந்த ஆள் தட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த ஆள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, தாயு மூடியைத் திறந்துகொண்டு, ஆளைக் காப்பாற்ற உள்ளே இறங்கிவிட்டான். வடகம் எடுக்கப் போன மரகதம், தொட்டி ஓரத்தில் செருப்பு ஜோடியாக இருப்பதைப் பார்த்தாள். இன்றைக்கும் அவள் எங்கேயாவது ஜோடிச் செருப்பைப் பார்த்தால் காலால் தட்டிக் கலைத்துவிட்டுப் போவாள், கவனித்திருக்கிறேன். கீழ் போர்ஷன்காரர்கள் வந்து தூக்கினார்கள். மூக்கு வரைக்கும் தண்ணீர். அப்புறம் ஆஸ்பத்திரி, டாக்டரம்மா, மாத்திரை. ஆஸ்பத்திரியில் இருந்த வரை விழுங்கினான். வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டான். மாத்திரை போட்டா அவன் தட்டுறது எனக்குக் கேக்காம போயிடும், கேக்காம போனா அவன் உள்ளயே செத்துப்போயிடுவான் என்றான். கெஞ்சினேன், அதட்டினேன். அவன் கண் கலங்கி, ஒரு உசிருப்பா, என்றான். அந்த உயிருக்கு எதிராகத்தான் நான் மாத்திரையைக் கலக்க ஆரம்பித்தேன். வாயில் வைத்த உடனே கரைகிற மாத்திரை, லேசாக இனிக்கும், திரவத்தில் போட்டால் போன இடம் தெரியாது. மரகதத்திடம், அவன் என் எதிரில் முழுங்குகிறான் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் பொய் வராது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் உள்ளுக்குள் பிடித்துவிட்டால் முகத்தில் தெரிந்து கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான். அந்த முகத்துக்குத் தெரிந்தால் தாயுவுக்கும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், என்னய்யா, நீ எதற்கு இவ்வளவு பருத்துக் கிடக்கிறாய் என்று. மாடிப்படி ஏறி வந்தால் நாலாவது படியில் நிற்கிறேன், மூச்சு மட்டும் மேலே போய்க் காத்திருக்கிறது. எல்லாம் டபராவால் வந்தது. முதலில் தயிர்சாதத்தில் போட்டுப் பார்த்தேன், தட்டை என் பக்கம் தள்ளினான். சட்னியில் போட்டேன், மோந்து பார்த்துவிட்டுத் தொடாமல் விட்டான். காப்பிதான் நின்றது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. டம்ளரைக் கையில் வாங்குவான், டபராவுக்கும் டம்ளருக்குமாக உயரத் தூக்கி ஆற்றுவான், நுரை வந்ததும் டபராவில் பாதியை நிறுத்தி அதை என்னிடம் நீட்டுவான். நீ குடிப்பா முதல்ல. நான் குடித்து, தொண்டை இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவன் குடிப்பான். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன், அப்புறம் பழகிவிட்டது. இப்படியாக அவன் மாத்திரையில் சரிபாதியை நான் விழுங்கி வருகிறேன். மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறாரா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு வேளை தவறியதில்லை என்றேன், அது உண்மை, யார் வயிற்றுக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அப்படியும் தட்டுற சத்தம் முழுசா நிக்கலைன்னா அளவைக் கூட்டுவோம் என்று கூட்டினார். எனக்கும் கூடிவிட்டது. வெயிட் போடும், பசி எடுக்கும், இனிப்பைக் குறைங்க, நடக்க வைங்க, சர்க்கரை பாருங்க என்றும் சொன்னார். பார்த்தோம், அவனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, எனக்குப் பார்க்கவில்லை. நடக்கவும் செய்தோம், அப்பனும் மகனும் உறையூர்ச் சாலை ரோடு ஓரமாக இரண்டு அரிசி மூட்டை மாதிரி உருண்டு போய், திரும்ப நடக்க முடியாமல் ஆட்டோ பிடித்தோம். பெரியவரே, ஒருத்தர் முன்னாடி வந்துடுங்க, வண்டி தலையைத் தூக்குது என்றான் ஆட்டோக்காரன். பழைய குஞ்சிதபாதமாக இருந்தால் அந்த ஆட்டோ மலைக்கோட்டை வரைக்கும் பின் சக்கரத்திலேயே போயிற்று என்று சொல்லியிருப்பேன். இப்போது தலையைத் தூக்கியது, நான் முன்னால் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் வருகிறது. அதற்கு மேல் வர மாட்டேன் என்கிறது. மண்டைக்குள் யாரோ ஈரச் சாக்கைப் போட்டு மூடின மாதிரி இருக்கிறது சார், எதை இழுத்தாலும் நனைந்துபோய் கனமாக நடந்தது நடந்தபடியே வருகிறது. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பொய் சொல்ல முடியாதவனுக்கு அங்கே என்ன வேலை. ஆனால் பசி. அதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டாக்டரம்மாவுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். பசி என்று நாம் சொல்வது வயிற்றில் இருக்கிறது. இது வயிற்றில் இல்லை. சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, கை கழுவிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, என்ன, அதுக்குள்ள எந்திரிச்சுட்டே என்று கேட்கும். படுத்தால் பக்கத்தில் படுக்கும். ஒரு மத்தியானம் மரகதம் தூங்கும்போது அடுக்களைக்குள் பூனை மாதிரிப் போய்ப் பொட்டுக்கடலை டப்பாவுக்குள் கையை விட்டேன், உள்ளே இன்னொரு கை இடித்தது. இருட்டில் அலமாரி மறைவில் தாயு நின்றுகொண்டிருந்தான். எடுத்துக்கப்பா என்றான். இரண்டு பேரும் நின்றபடியே டப்பாவைக் காலி செய்தோம், மாவு மாதிரி தொண்டையில் அடைத்தது, அப்படியும் நிறுத்தவில்லை. உனக்கும் இப்படித்தான் இருக்காப்பா என்று கேட்டான். வயசானா அப்படித்தான் என்றேன். அது ஒன்றுதான் சமீபத்தில் நான் சொன்ன பொய், அதுவும் உருப்படாத பொய். தெரிந்தே பாதி தின்ற எனக்கே இப்படி. அவன் எப்படித் தாங்குகிறான். எனக்கு இது எதனால் என்று தெரியும், அது ஒரு ஆறுதல். அவனுக்கு அதுவும் கிடையாது, தன் வாயே தன் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

படியில் மரகதம் இறங்கி வருகிற சத்தம். இல்லை, நின்றுவிட்டாள், கீழ் போர்ஷன் பத்மாசனியிடம் பேசுகிறாள். என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். உங்க பையனுக்கு உடம்பு நல்லா தேறிடுச்சு மாமி, முகம் எப்படிப் பூரிச்சுப் போயிருக்கு என்பாள் பத்மாசனி, மரகதம் கண்ணு படப்போகுது என்று விரலை நெட்டி முறிப்பாள். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. தொட்டியிலிருந்து தூக்கினபோது பார்த்த ஈர்க்குச்சியையும் இப்போது பார்க்கிற தாயுவையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஆள் பிழைச்சுட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மரகதத்துக்கும் அதுதான் கணக்கு. சதை போட்டால் குணம், இன்னும் போட்டால் இன்னும் குணம். டாக்டரம்மா குறைக்கச் சொன்னதைச் சொன்னால், அந்தப் பொண்ணு பெத்திருக்காளா, பசிச்சு வர்ற பிள்ளை தட்டை இழுக்கச் சொல்றாளே என்கிறாள். மாசி மாசம் அவனுடைய அரைஞாண் கயிறு இடுப்புச் சதையில் புதைந்து, தோல் அழுகி, கயிறே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் கத்தரிக்கோலைத் தேடினேன். அவளோ தேர் பார்த்த மாதிரி ஆகிவிட்டாள், கயிறு பத்தலை பாருங்க, என் பிள்ளைக்குக் கயிறு பத்தலை என்று மூன்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். இடுப்பு ஒரு கணம்கூட வெறுமனே இருக்கக் கூடாது, பிணத்துக்குத்தான் கயிறை அறுத்து வெறும் இடுப்பாக விடுவார்கள் என்று, நீளமாகப் புதுக் கயிறு வாங்கி, அதை முதலில் கட்டி முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் பழசைக் கத்தரித்தாள். சதையிலிருந்து உரித்து எடுக்கும்போது தாயு பல்லைக் கடித்துக்கொண்டு மேலே உத்தரத்தைப் பார்த்தான். முடிந்ததும் மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு, அவன் தட்டில் இரண்டு தோசை கூடப் போட்டாள். அவளுடைய சந்தோஷம் மொத்தமும் அந்தத் தோசைக் கல்லில்தான் இருக்கிறது, அவன் வாய்க்குப் போகிற ஒவ்வொரு விள்ளலையும் கண்ணால் கூடவே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். சரி, நிறுத்திவிடலாமா. கலப்பதை நிறுத்திவிட்டால் உடம்பு இறங்கும், பசி போகும், அந்த ஓட்டைக்குள் மறுபடி போவான். போவான், அங்கேதான் என் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கிறது, தோள் போகிறது, நெஞ்சு போகிறது, வயிற்றில் நிற்கிறது. ஓட்டைக்குள் போகிற உடம்பு தொட்டிக்குள்ளும் போகும். சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன்: ஒரு நாள் மாடிக்குப் போய் அந்தத் தொட்டி வாயை முழம் போட்டுப் பார்த்தேன். கீழே வந்து, தூங்கிக்கொண்டிருந்தவன் இடுப்பைக் கண்ணாலேயே அளந்தேன். நுழையாது. எந்தக் காலத்திலும் நுழையாது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். பெற்ற பிள்ளை இரும்புக்குள்ளே போகாமலிருக்க அவனைச் சதைக்குள்ளே வைத்து மூடியிருக்கிறேன், அங்கிருந்து அவன் தட்டுகிறான், எனக்கு மட்டும் கேட்கிறது. டிக்காஷன் இறங்கிவிட்டது. பால் பொங்குகிறது. அடுப்பை அணைக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறக்கிறேன். போட்டாயிற்று, போன இடம் தெரியவில்லை. இப்போது அவனுக்கு ஒரு பதில் வேண்டும். யாரும் கலக்கலை என்று சொல்லலாம், சொன்னால் நம்புவான், நம்பினால் தன் மண்டைதான் முழுக்கக் கெட்டுவிட்டது என்று ஆகிவிடும், அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே சரியான விஷயத்தையும் நான் பிடுங்கினவன் ஆவேன். பால்காரன் என்று சொல்லலாம், நாளைக்கே தாயு போய் அவன் சட்டையைப் பிடிப்பான். காவிரித் தண்ணியில என்னமோ வருதாம், ஊரே பருக்குதாம், கலெக்டரே பருத்துப்போய் அவர் ஜீப் கதவைக் கழற்றிவிட்டார்களாம் என்று ஒரு பெரிய கதையாக, அவனே சிரித்துவிடுகிற மாதிரி... வரவில்லை சார். கலெக்டர் வரை வந்துவிட்டு நின்றுவிடுகிறது. ஒரு பொய், ஒரே ஒரு நல்ல பொய், அதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

கூடம். டம்ளரும் டபராவும். தாயு டிவியைப் போடாமல் டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறான், நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் மேலே வழிந்து. டம்ளரை வாங்கினான், ஆற்றவில்லை. என் முகத்தைப் பார்த்தான். சொல்லுப்பா என்றான். நான் வாயைத் திறந்தேன், எதுவும் தயாராக இல்லாததால் இருந்ததே வந்துவிட்டது. நான்தாண்டா கலக்குறேன் என்றேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பதைச் சொன்னேன், பால் ஊற்றின பிறகு போடுவதைச் சொன்னேன், தயிர்சாதத்தைச் சொன்னேன், சட்னியைச் சொன்னேன், டபராவில் பாதி எனக்கும் வருவதை, அதனால்தான் நானும் இப்படி ஆனேன் என்பதை, பொட்டுக்கடலையை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் இளகிக்கொண்டே வந்தது. எவ்வளவு காலம் கழித்து அப்படிப் பார்த்தேன், சின்ன வயசில் கதவுக்கு முடி முளைத்த கதையைக் கேட்கும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை.

"போதும்ப்பா," என்றான். "நீயே உனக்கு விஷம் வெச்சுக்குவியா? நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும். ரொம்ப விவரமா சொல்லுவே. யாரையோ காப்பாத்தறே."

இல்லை தாயு என்றேன், கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டுகிறேன் என்று எழுந்தேன். எழுந்தவனை அவன் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தான். வாசல்படியில் மரகதம் நின்றுகொண்டிருந்தாள், தோளிலும் கையிலும் துணி. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள், தெரியாது. மாத்திரையை அவன் தானாக முழுங்கவில்லை என்பது இந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிகிறது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், எதையும் மறைக்கத் தெரியாத அந்த முகத்தில் ஒவ்வொன்றாக வந்தது, நான் செய்த காரியம் வந்தது, தொட்டி வந்தது, ஜோடிச் செருப்பு வந்தது, அப்புறம் எதுவுமே இல்லாமல் துடைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது.

"அப்பாவைக் கேக்காதே தாயு," என்றாள். "கலந்தது நான்தான்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. தெரிஞ்ச விஷயம்தான் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். "எனக்குத் தெரியும்மா. நீதானே சாப்பிடு சாப்பிடுன்னு நின்னுக்கிட்டே இருக்கே," என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான். மரகதம் ஆமாம் என்றாள். இனிமே பண்ண மாட்டேன் என்றாள். அவன் எழுந்து போய், டம்ளரில் இருந்ததைக் கை கழுவுகிற பேசினில் ஊற்றிவிட்டு, டம்ளரைத் தானே கழுவி என் கையில் கொடுத்தான். இனிமே நீயே போட்டுக் குடுப்பா. காப்பியும் நீ, சோறும் நீ. அம்மா எதையும் தொட வேண்டாம். அதற்குள் அடுக்களை வாசலுக்குப் போய் நின்றிருந்த மரகதம் விலகி எனக்கு வழி விட்டாள். துணியை இன்னும் கீழே வைக்கவில்லை. நான் உள்ளே போனேன். மிச்சமிருந்த டிக்காஷனை ஊற்றினேன், பாலைச் சூடு பண்ணினேன், சர்க்கரை போடவில்லை. கூட்டைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போடுங்க என்று கண்ணால் சொன்னாள். போட்டேன். கூடத்துக்குக் கொண்டுபோனேன், அவன் உயரத் தூக்கி ஆற்றினான், டபராவில் பாதியை எனக்கு நீட்டினான், குடித்தேன், என் தொண்டையைப் பார்த்தான், குடித்தான். இப்பத்தான்ப்பா காப்பி மாதிரி இருக்கு என்றான். திரும்பி அடுக்களைக்கு வந்தால், மரகதம் துணியை மடித்துக்கொண்டிருக்கிறாள், அவனுடைய சட்டை, இரண்டு பேர் போட்டுக்கொள்ளலாம் போல அகலமாக, அதை மடியில் விரித்துப்போட்டு நீவிக்கொண்டிருக்கிறாள். நிமிராமலே, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்: ராத்திரிக்கு இட்லி நீங்களே ஊத்தி வெச்சுடுங்க. மாவு நான் ஆட்டினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களும் கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போங்கள். மனசு கேட்காமல் எங்கேயாவது யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த ஊர், எந்த வீடு, யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.